பெய்தால், பெய்திருந்தால்: ஆங்கில நிபந்தனைத் தொடர்களும் தமிழ் இலக்கணமும்

முன்னுரை

ஒரு மொழியை நன்கு அறிந்தவன் மற்றொரு மொழியைக் கற்கப் புகும்போது, முன்னர் அறிந்த மொழி அவனுக்குத் துணையாகுமா, தடையாகுமா என்னும் வினா நெடுநாளாக எழுப்பப்பட்டு வருகிறது. தமிழ்வழியில் பள்ளிக் கல்வியை முடித்துக் கல்லூரிக்கு வரும் நம் மாணவர்களுக்கு இது வெறும் ஆராய்ச்சி வினா அன்று, வாழ்க்கை வினா. கே.கே. நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் மாணவர் பலர் மாலை வேளைகளில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிக்குச் செல்கின்றனர். அத்தகைய வகுப்புகளில் அவர்கள் அடிக்கடி கேட்கும் அறிவுரை, “தமிழில் சிந்திப்பதை விட்டுவிடு” என்பதாகும். பன்னிரண்டு ஆண்டுகள் தமிழில் பயின்ற ஒருவனுக்கு இவ்வறிவுரை ஊக்கத்தைத் தருவதில்லை. தான் கற்றதெல்லாம் சுமை என்னும் எண்ணத்தையே தருகிறது.

ஆங்கில இலக்கணத்தில் நம் மாணவர்கள் மிகவும் அஞ்சும் பகுதிகளுள் ஒன்று நிபந்தனைத் தொடர். ‘இஃப்’ என்று தொடங்கும் தொடர்களும், ‘ஐ விஷ்’ என்று தொடங்கும் விழைவுத் தொடர்களும் மேல்நிலைத் தேர்விலும் போட்டித் தேர்வுகளிலும் தவறாமல் இடம்பெறுகின்றன. நேர்முகத் தேர்விலும் அவையே மாணவனின் நாவைக் கட்டுகின்றன. இப்பகுதியைத் தமிழ் இலக்கணத்தின் துணைகொண்டு கற்றால், கற்க வேண்டியது பெரிதும் குறைந்துவிடும் என்பதையும், தமிழ் துணைசெய்யாத இடம் ஒன்றே ஒன்றுதான் என்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எச்சமும் முற்றும்

‘மழை பெய்தால் பயிர் செழிக்கும்’ என்னும் தொடரில் ‘பெய்தால்’ என்பது வினையெச்சம். ‘செழிக்கும்’ என்பது வினைமுற்று. எச்சம் நிபந்தனையைக் கூறுகிறது. முற்று அதன் விளைவைக் கூறுகிறது. ஆங்கிலத்தில் ‘இஃப்’ என்னும் தனிச்சொல் முன்னே நின்று செய்யும் பணியைத் தமிழில் வினையின் ஈற்றில் ஒட்டிய விகுதி செய்கிறது. வடிவம் வேறாயினும் பகுப்பு ஒன்றே. ஆங்கிலத்தில் நிபந்தனைப் பகுதி முன்னும் வரலாம், பின்னும் வரலாம்; முன்னே வந்தால் அதன் பின் காற்புள்ளி இடுவது மரபு.

வினையெச்ச வாய்பாடுகளைத் தொல்காப்பியர் ஒன்பதாகவும், நன்னூலார் பன்னிரண்டாகவும் வகுத்தனர். இரு நூல்களிலும் ‘செயின்’ என்னும் வாய்பாடு உண்டு. நிபந்தனைப் பொருளுக்கு உரிய பழைய வாய்பாடு இதுவே. பெய்யின், வரின், படிப்பின் என்பன இதற்கு எடுத்துக்காட்டுகள். நன்னூலார் இதனை எதிர்கால வினையெச்சங்களுள் வைத்தார். நிபந்தனையாகச் சொல்லப்படுவது இன்னும் நிகழாதது ஆதலின், அவர் கொண்ட முறை பொருத்தமே.

வடிவம் இறப்பு, பொருள் எதிர்வு

இன்று நாம் பெரிதும் வழங்கும் வடிவம் ‘செயின்’ அன்று, ‘செய்தால்’ என்பதாகும். இதனைப் பகுத்துப் பார்த்தால் வியப்பான உண்மை ஒன்று புலப்படும். வந்தால் என்பது வந்த் + ஆல். படித்தால் என்பது படித்த் + ஆல். ஓடினால் என்பது ஓடின் + ஆல். வந்தான், படித்தான், ஓடினான் என்னும் இறந்தகால முற்றுகளில் உள்ள அடியே இங்கும் உள்ளது. ஆயினும், ‘நாளை மழை பெய்தால் வரமாட்டேன்’ என்று நாம் இயல்பாகச் சொல்கிறோம். நாளை என்பது எதிர்காலம். பெய்தால் என்பதன் அடியோ இறந்தகாலம். நாளைக்கு நேற்றைய வடிவத்தை ஏன் வழங்குகிறாய் என்று எவரும் கேட்பதில்லை.

ஆங்கில வகுப்பில் மாணவன் திகைத்து நிற்கும் இடமும் இதுவேயாகும். ‘இஃப் ஐ ஹேட் விங்ஸ், ஐ வுட் ஃப்ளை’ என்னும் தொடரில், இப்பொழுது இல்லாத சிறகைக் குறிக்க ‘ஹேட்’ என்னும் இறந்தகால வடிவம் ஏன் வந்தது என்று அவன் மயங்குகிறான். ‘எனக்குச் சிறகு இருந்தால் பறப்பேன்’ என்று தமிழில் சொல்லிப் பார்க்கட்டும். ‘இருந்தால்’ என்பதிலும் ‘இருந்த்’ என்னும் இறந்தகால அடியே உள்ளது. நிபந்தனையில் வரும் இறந்தகால வடிவம் காலத்தைக் காட்ட வரவில்லை என்பதைத் தமிழ் மாணவன் முன்பே அறிவான். தான் அறிந்திருப்பதைத்தான் அவன் அறியவில்லை.

‘இஃப் இட் வில் ரெயின்’ என்று எழுதும் பிழையும் இவ்வாறே நீங்கும். ‘வில்’ என்பது எதிர்காலச் சொல். எதிர்கால இடைநிலையோடு ‘ஆல்’ சேர்த்துப் ‘பெய்வால்’ என்று தமிழர் எவரும் சொல்வதில்லை. தமிழ் விலக்கியதை ஆங்கிலமும் விலக்கியது என்று கொள்க. ‘நீ வருவாயானால்’ என்று எதிர்கால முற்றின்மேல் ‘ஆனால்’ சேர்த்துரைப்பதும் உண்டே எனின், ஆண்டும் நிபந்தனையைத் தாங்கி நிற்பது ‘ஆன்’ என்னும் இறந்தகால அடியே. ஆங்கிலத்திலும் ஒருவரது இசைவைப் பணிவுடன் வேண்டும்போது ‘இஃப்’ பகுதியில் ‘வில்’ வருவதுண்டு. அது வேறு பொருளுடையது.

நால்வகைத் தொடர்

ஆங்கில நிபந்தனைத் தொடர்களை நான்காக வகுத்துக் கற்பிப்பது வழக்கம். அவற்றைப் பொருள் நோக்கிப் பின்வருமாறு பெயரிடலாம்.

1. பொதுவுண்மை. பனிக்கட்டியைச் சூடாக்கினால் உருகும். ஆங்கிலத்தில் இரு பகுதியிலும் நிகழ்கால வினை: ‘இஃப் யூ ஹீட் ஐஸ், இட் மெல்ட்ஸ்’.

2. நிகழக்கூடியது. நாளை மழை பெய்தால் வீட்டில் இருப்பேன். எச்சப் பகுதியில் நிகழ்காலம். முற்றுப் பகுதியில் ‘வில்’: ‘இஃப் இட் ரெயின்ஸ் டுமாரோ, ஐ வில் ஸ்டே அட் ஹோம்’.

3. உள்ள நிலைக்கு மாறானது, அல்லது வெறுங்கற்பனை. எனக்குச் சிறகு இருந்தால் பறப்பேன். எச்சப் பகுதியில் இறந்தகால வடிவம். முற்றுப் பகுதியில் ‘வுட்’.

4. நிகழாது கழிந்தது. நான் படித்திருந்தால் தேறியிருப்பேன். எச்சப் பகுதியில் ‘ஹேட்’ என்பதோடு வினையின் மூன்றாம் வடிவம். முற்றுப் பகுதியில் ‘வுட் ஹேவ்’ என்பதோடு வினையின் மூன்றாம் வடிவம்: ‘இஃப் ஐ ஹேட் ஸ்டடீட், ஐ வுட் ஹேவ் பாஸ்ட்’.

எதிர்மறை நிபந்தனைக்கு ஆங்கிலத்தில் ‘அன்லெஸ்’ என்னும் சொல் உண்டு. தமிழில் ‘படிக்காவிட்டால்’ என்பது அதற்கு நேர். ‘படிக்காவிட்டால்’ என்பதிலேயே எதிர்மறை அடங்கிவிட்டதைப் போல, ‘அன்லெஸ்’ என்பதிலும் எதிர்மறை அடங்கியுள்ளது. ஆகவே ‘படித்தாலன்றித் தேற மாட்டாய்’ என்னும் பொருளில் எழுதுவோர் அதனோடு ‘டோன்ட்’ சேர்த்து எழுதுதல் பிழை. ‘படித்தாலும்’ என்பதற்கு ‘ஈவன் இஃப்’ நேராகும்.

தமிழ் காட்டாத வேறுபாடு

மேற்கண்ட நால்வகையுள் இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒப்பிட்டு நோக்குக. ‘எனக்கு நேரம் இருந்தால் வருவேன்’, ‘எனக்குச் சிறகு இருந்தால் பறப்பேன்’ என்னும் இரண்டும் தமிழில் ஒரே அமைப்பின. நேரம் கிடைக்கலாம், சிறகு முளைக்காது. இவ்வேறுபாட்டைக் கேட்போர் தம் உலகறிவால் உணர்வரேயன்றி, வினை வடிவம் உணர்த்துவதில்லை. வேண்டுமாயின், ‘எனக்கு மட்டும் சிறகு இருந்தால்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துக் குறிப்பாக உணர்த்துவோம்.

ஆங்கிலம் இவ்வேறுபாட்டை வினையிலேயே காட்டுகிறது. ‘ஹேவ், வில்’ என்று வந்தால், பேசுவோன் அதனை நிகழக்கூடியதாகக் கருதுகிறான் என்பது பொருள். ‘ஹேட், வுட்’ என்று வந்தால், அதனை உண்மையிலிருந்து விலக்கி வைத்துப் பேசுகிறான் என்பது பொருள். தமிழ் மாணவன் ஆங்கில நிபந்தனைத் தொடரில் புதிதாகக் கற்க வேண்டிய பெரிய செய்தி இது ஒன்றே. ஏனையவை அவனிடம் முன்பே உள்ளன.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். நேர்முகத் தேர்வில், “நீர் மாவட்ட ஆட்சியராக இருந்தால் முதலில் என்ன செய்வீர்?” என்று ஆங்கிலத்தில் கேட்கப்படுகிறது. வினாவில் ‘வேர்’ என்றும் ‘வுட்’ என்றும் வருகின்றன. மாணவன் ‘ஐ வில்’ என்று தொடங்கி விடையளிக்கிறான். கருத்துச் சிறந்ததாகவே இருக்கலாம். ஆனால் கற்பனையாகக் கேட்ட வினாவிற்கு வாக்குறுதி அளித்தவன் போல அவன் தோன்றுகிறான். ‘ஐ வுட்’ என்று தொடங்கினால், வினாவின் நுட்பத்தை உணர்ந்தவன் எனப்படுவான். ஓர் எழுத்தளவிலான வேறுபாடு, ஒருவனது மொழித் தேர்ச்சியைப் பற்றிய மதிப்பீட்டையே மாற்றிவிடுகிறது.

‘இஃப் ஐ வேர்’ என்னும் வடிவமும் பலரை மயக்குவது. ‘ஐ’ என்பதற்கு ‘வாஸ்’ தானே வரவேண்டும் என்பர். தமிழில் ‘நான் இருந்தேன், நீ இருந்தாய், அவன் இருந்தான்’ என்று முற்று இடந்தோறும் வேறுபடும். ஆனால் ‘நான் இருந்தால், நீ இருந்தால், அவன் இருந்தால்’ என்று எச்சம் எங்கும் ஒரே வடிவில் நிற்கும். எச்சத்திற்கு இட வேறுபாடு இல்லை என்பது நாம் அறிந்த இலக்கணம். ஆங்கிலத்தில் ‘வேர்’ என்பது நிபந்தனையில் எல்லா இடத்திற்கும் பொதுவாக வருவதை இதனோடு ஒப்பிட்டு நினைவிற்கொள்க. பேச்சில் ‘வாஸ்’ என்றும் வழங்குவர். தேர்விலும் முறைசார்ந்த எழுத்திலும் ‘வேர்’ என்பதே ஏற்புடையது.

நிகழாது கழிந்தது

நான்காம் வகையில் தமிழும் ஆங்கிலமும் ஏறத்தாழ ஒரே தடத்தில் செல்கின்றன. ‘இரு’ என்னும் துணைவினை தமிழில் செய்யும் பணியை ஆங்கிலத்தில் ‘ஹேவ்’ என்னும் துணைவினை செய்கிறது. படித்திருந்தால் என்பதன் ‘இருந்தால்’ ஆங்கிலத்தின் ‘ஹேட்’. தேறியிருப்பேன் என்பதன் ‘இருப்பேன்’ ஆங்கிலத்தின் ‘வுட் ஹேவ்’. இவ்வாறு நேர்க்கு நேர் வைத்துக் கற்றால், ‘இஃப் ஐ வுட் ஹேவ் ஸ்டடீட்’ என்று எழுதும் பரவலான பிழை நேராது. ‘வுட் ஹேவ்’ என்பது ‘இருப்பேன்’ ஆதலின், அதனை எச்சப் பகுதியில் வைப்பது, ‘படித்திருப்பேனால்’ என்று சொல்வதை ஒக்கும். அவ்வாறு சொல்லத் தமிழ் நா வளையாது.

நம் ஊர்ச் செய்தி ஒன்றை இதற்குப் பயிற்சியாகக் கொள்ளலாம். திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில், கொள்ளிடத்தின் குறுக்கே 1836ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் மேலணையைக் கட்டினார். 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் இரவு, வெள்ளப்பெருக்கின்போது அதன் 9 மதகுகள் இடிந்து அடித்துச் செல்லப்பட்டன. ‘தூண்களை வலுப்படுத்தியிருந்தால் மதகுகள் இடிந்திரா’ என்று அந்நாளில் ஊரார் பேசிக்கொண்டனர். இது நான்காம் வகைத் தொடர். பின்னர் அவ்விடத்தில் புதிய கதவணை கட்டப்பட்டது. ‘இதனை நன்கு பேணினால் நெடுநாள் நிலைக்கும்’ என்பது இரண்டாம் வகைத் தொடர். ‘நான் பொறியாளனாக இருந்தால் இதனை வேறுவகையாக அமைப்பேன்’ என்று ஒரு தமிழ் மாணவன் சொன்னால், அது மூன்றாம் வகைத் தொடர். ஒரே ஆற்றை நோக்கி நின்று மூன்று தொடர்களையும் ஆங்கிலத்தில் சொல்லிப் பழகுவது, நூறு விடுபட்ட இடங்களை நிரப்புவதினும் பயன் தரும்.

விழைவுத் தொடர்

நிபந்தனைத் தொடரோடு இணைத்துக் கற்க வேண்டியது ‘ஐ விஷ்’ என்னும் விழைவுத் தொடர். இது உள்ள நிலைக்கு மாறான விருப்பத்தைத் தெரிவிப்பது. ‘ஐ விஷ் ஐ நியூ அரபிக்’ என்றால், எனக்கு அரபு தெரியாது, தெரிந்திருந்தால் நன்றாயிருக்கும் என்பது பொருள். ‘ஐ விஷ் ஐ ஹேட் ஸ்டடீட்’ என்றால், நான் படிக்கவில்லை, படித்திருக்கலாம் என்னும் இரக்கம் பொருள். ‘ஐ விஷ் இட் வுட் ரெயின்’ என்றால், மழை பெய்யவில்லை, பெய்யாதா என்னும் ஏக்கம் பொருள். இன்றைய நிலைக்கு இறந்தகால வடிவம். கழிந்ததற்கு ‘ஹேட்’ சேர்ந்த வடிவம். நம் கையில் இல்லாத மாற்றத்திற்கு ‘வுட்’. நிபந்தனைத் தொடரில் கண்ட அதே அமைப்பே இங்கும் உள்ளது.

பழந்தமிழில் இப்பொருளுக்கென்றே இடைச்சொற்கள் இருந்தன. ‘தில்’ என்னும் இடைச்சொல்லுக்கு விழைவு, காலம், ஒழியிசை என்னும் மூன்று பொருள்களையும், ‘மன்’ என்னும் இடைச்சொல்லுக்குக் கழிவு, ஆக்கம், ஒழியிசை என்னும் மூன்று பொருள்களையும் தொல்காப்பியர் கூறினார். குறுந்தொகையின் 14ஆம் பாட்டில் தலைவன் தன் விருப்பத்தைச் சொல்லுமிடத்துத் ‘தில்’ இருமுறை வருகிறது. அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்று 235ஆம் பாட்டில், போய்விட்ட நல்வாழ்வை நினைந்து இரங்கும் கழிவுப் பொருளில் ‘மன்’ மீண்டும் மீண்டும் வருகிறது. ஆங்கிலம் ‘ஐ விஷ்’ என்பதால் உணர்த்தும் விழைவையும் இரக்கத்தையும் நம் முன்னோர் ஓரசைச் சொல்லால் உணர்த்தினர்.

ஒழியிசை என்பது, சொல்லாமல் விட்ட பொருளைக் கேட்போர் உணருமாறு தொடரை நிறுத்துதல். வாள் கூரியதுதான் என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், அதன்கண் உள்ள குறை ஒன்றைக் கேட்போர் தாமே உணர்வர். ஆங்கிலத்தில் ‘இஃப் ஒன்லி ஐ ஹேட் லிசன்ட்’ என்று எச்சத்தோடு நிறுத்துவதும் இத்தகையதே. நான் மட்டும் கேட்டிருந்தால் என்பதோடு தொடர் முடிகிறது, விளைவு சொல்லப்படுவதில்லை, ஆயினும் புரிகிறது. ‘இஃப் ஒன்லி’ என்பதை ஒழியிசை என்று அறிமுகப்படுத்தினால், தமிழ் மாணவன் அதனை மறவான்.

இங்கு ஒரு வேறுபாட்டை நினைவிற்கொள்ள வேண்டும். நிகழக்கூடும் என நம்புவதற்கு ‘ஹோப்’ என்றும், உள்ள நிலைக்கு மாறாக விரும்புவதற்கு ‘விஷ்’ என்றும் சொல்லுதல் ஆங்கில மரபு. ‘ஐ விஷ் யூ வில் பாஸ்’ என்று வாழ்த்து மடலில் எழுதுவது பிழை. ‘ஐ ஹோப் யூ வில் பாஸ்’ என்க. ‘ஐ விஷ் யூ சக்ஸஸ்’ என்று பெயர்ச்சொல்லோடு வரும் வாழ்த்து வேறு, அது பிழையன்று.

அரபு மொழி தரும் துணை

நம் மாணவர்களுள் பலர் இளமையில் மதரஸாவில் அரபு பயின்றவர்கள். அவர்களுக்கு இப்பாடத்தில் மற்றொரு துணையும் உண்டு. நாம் நாள்தோறும் சொல்லும் ‘இன்ஷா அல்லாஹ்’ என்பது ஒரு நிபந்தனைத் தொடர். நாளை ஒன்றைச் செய்வேன் என்று இறைநாட்டத்தைச் சேர்க்காமல் சொல்லலாகாது என்னும் கட்டளை, திருக்குர்ஆனின் 18ஆம் அத்தியாயமாகிய அல்கஹ்ஃபில் 23, 24 ஆகிய வசனங்களில் உள்ளது. ‘இன்’ என்பது நிபந்தனைச் சொல். ‘ஷாஅ’ என்பது நாடினான் என்னும் இறந்தகால வடிவம். ‘அல்லாஹ் நாடினால்’ என்று தமிழில் சொல்லும்போதும், ‘நாடின்’ என்னும் இறந்தகால அடியோடு ‘ஆல்’ சேர்கிறது. அரபும் தமிழும் நாளை நிகழ இருப்பதற்கு இறந்தகால வடிவத்தையே கொண்டன.

அரபு இன்னும் ஒரு படி மேலே சென்று, ஆங்கிலம் வினையால் காட்டும் வேறுபாட்டைத் தனித்தனிச் சொற்களால் காட்டுகிறது. நிகழக்கூடியதற்கு ‘இன்’, உண்மைக்கு மாறானதற்கு ‘லௌ’. நம்பிக்கைக்கு ‘லஅல்ல’, எட்டாத விழைவுக்கு ‘லைத்த’. ‘லஅல்ல’ என்பது ஆங்கிலத்தின் ‘ஹோப்’. ‘லைத்த’ என்பது ‘விஷ்’. தமிழ் வடிவத்தில் காட்டாத அந்த ஒரு வேறுபாட்டை, அரபு அறிந்த மாணவன் அரபின் வழியாக உணர்ந்துகொள்ளலாம்.

‘லௌ’ என்னும் சொல்லைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். துன்பம் நேர்ந்தபின், இவ்வாறு செய்திருந்தால் இது நேர்ந்திராதே என்று புலம்புவது ஷைத்தானின் செயலுக்கு வாயில் திறப்பதாகும் என்பது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள நபிமொழியின் கருத்து. ஆயினும் திருக்குர்ஆனிலேயே ‘லௌ’ வருகிறது. 21ஆம் அத்தியாயம் 22ஆம் வசனத்தில், இயலாத ஒன்றைக் கற்பித்து அதனை மறுப்பதற்கு அச்சொல் வந்துள்ளது. எனவே தடுக்கப்பட்டது சொல் அன்று. இறைவிதியை ஏற்காத மனநிலையே என்று அறிஞர் விளக்குவர். ‘படித்திருந்தால் தேறியிருப்பேன்’ என்று சொல்லிச் சோர்ந்து கிடப்பது ஒன்று. அவ்வாறு சொல்லி மறுநாளே நூலை எடுப்பது மற்றொன்று. இலக்கணம் இரண்டிற்கும் ஒன்றே. வாழ்க்கையில் இரண்டும் வேறு.

பயிற்சி முறை

தொடரை ஆங்கிலத்தில் அமைக்கும் முன் மாணவன் தன்னைத்தானே இரு வினாக்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

முதலாவது: சொல்லப்போவது முடிந்துபோனதா? ஆம் எனில், தமிழில் ‘இருந்தால், இருப்பேன்’ என்று அமைத்துப் பார்த்து, ‘ஹேட்’ என்றும் ‘வுட் ஹேவ்’ என்றும் பெயர்க்க.

இரண்டாவது: முடிந்துபோகவில்லை எனில், அது நிகழக்கூடும் என்று நான் கருதுகிறேனா? ஆம் எனில், நிகழ்கால வினையும் ‘வில்’லும். இல்லை எனில், இறந்தகால வடிவமும் ‘வுட்’டும்.

முதல் வினாவிற்குத் தமிழே விடை தரும். இரண்டாம் வினாவிற்கு மாணவன் தன் மனத்தைக் கேட்டு விடை காணல் வேண்டும். என்றும் உண்மையாவதைக் கூறும்போது மட்டும் இரு பகுதியும் நிகழ்காலமாக நிற்கும்.

முடிவுரை

தமிழில் சிந்திப்பதால் ஆங்கிலம் கெடுவதில்லை. தமிழிலும் அரைகுறையாகச் சிந்திப்பதாலேயே கெடுகிறது. ‘பெய்தால்’ என்பதைப் பகுத்தறிந்தவனுக்கு ‘ஹேட்’ அச்சம் தராது. ‘படித்திருந்தால்’ என்பதன் ‘இரு’வை அறிந்தவனுக்கு ‘வுட் ஹேவ்’ புதிர் ஆகாது. ‘தில்’லையும் ‘மன்’னையும் கற்றவன் ‘ஐ விஷ்’ என்பதன் உள்ளுணர்வை உரை இன்றியே உணர்வான்.

நம் கல்லூரியில் தமிழ், அரபு, ஆங்கிலம் ஆகிய மூன்றும் ஒரே வளாகத்தில் கற்பிக்கப்படுகின்றன. ஆண்டுக்கு ஒரு வாரமேனும் மூன்று துறை ஆசிரியர்களும் ஒரே வகுப்பில் நின்று இப்பாடத்தை நடத்தினால், தமிழ்வழியில் பயின்று வந்த முதலாண்டு மாணவர் தம் தாய்மொழியைச் சுமையாகக் கருதாமல் ஏணியாகக் கொள்வர். ‘நடத்தினால்’ என்று இன்று சொல்ல முடிகிறது. சில ஆண்டுகள் கழித்து ‘நடத்தியிருந்தால்’ என்று சொல்லும் நிலை வாராமற் காப்பது, இன்ஷா அல்லாஹ், ஆசிரியர்களாகிய நம் கையிலும், துணைநிற்கும் பெரியோர் கையிலும் உள்ளது.